மூன்றரை மணிக்கு இருபது நிமிஷம்

நாசிக்கில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நின்று
கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி
முகர்ந்து பார்த்துத் திரும்பியவர்கள்
ஒன்பது பேர். ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள்.
"உங்கள் பக்கம் அப்படி ஏதும் உண்டா மேடம்,
விடியலில் போய் இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி?"
போனில் ருக்மாங்கதன் சார் குரல்
ஏற்கெனவே கொஞ்சம் சுழன்றுகொண்டிருந்தது.

உண்டு என்றேன்.
கீழக்கரையில் பிறந்து
சோடாவைத் தவிரப் பொங்கும் எதையும் தொடாத நான்
உண்டு என்று சொல்லிவிட்டேன்.
பிறகுதான் யோசித்தேன், என்ன உண்டு?

கொடி இல்லை. குன்று இல்லை.
சாயல்குடிப் பக்கம் பனை உண்டு,
எண்ணிப் பார்க்க எவருக்கும் பொழுதில்லாத அளவு.

வில்வதுரையின் வேனில் ஒத்திகை போனோம்.
வெயில் ஏறினால் பதநீர் யாருக்கும் காத்திருக்காது.
(குறித்துக்கொண்டேன்:
நாலேகால் என்று சொல், நாலே முக்காலுக்கு வருவார்கள்.)

தங்கக்கனி பாளை அரிவாளோடு இறங்கி வந்தார்.
பேச்சு நேராகப் பணத்துக்குப் போனது.
ஆளுக்கு ஒரு பட்டை, அறுபது ரூபாய்.
மரம் ஏறுவதைப் படம் எடுத்தால் தனி.
இறங்குவதை எடுத்தால்?
"அது சும்மா. எப்படியும் இறங்கித்தானே ஆகணும்."

ஒரு கலயத்தை முகர்ந்தவர் முகம் சுளித்தார்.
சுண்ணாம்பு தடவ மறந்தது.
"மகன் பார்த்த வேலை."
விளிம்பில் நுரை சின்னச் சின்னதாய் வெடித்தது.
சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.
அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல்
மணலில் கவிழ்த்தார்.

எழுந்தது ஒரு வாசம்:
பழுத்துப் புளித்து,
கொஞ்சம் பேக்கரி அடுப்பு,
கொஞ்சம் மழைக்கு முந்திய மண்.
எறும்புகள் வந்தன. எறும்புகளுக்குச் சட்டம் கிடையாது.
நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்,
மூச்சை நகர்த்த மறந்துவிட்டேன்.

திட்டம் எழுதினேன்.
ஆறு மணி, பதநீர். பட்டையைச் சுழற்ற வேண்டாம், சட்டை நனையும்.
எட்டு, வாலிநோக்கம் உப்பளம். வெள்ளை கண்ணைக் கூசும்.
கழிவறை, ஏர்வாடி பெட்ரோல் பங்க். பெண்கள் சாவி கல்லாவில்.
ஒரு மணி, கீழக்கரையில் என் மச்சி ஆயிஷத்து நாச்சியா வீட்டு
நெய்ச்சோறு, தொதல். சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லவும்.
மூன்றரை, அழகன்குளம்.

இங்கே பேனா நின்றது.

வைகை கடலைத் தேடி இளைத்துப்போகும் இடம்.
ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன் மது வந்து இறங்கியது,
இரண்டு கைப்பிடியும் ஒல்லிக் கழுத்துமான ஜாடிகளில்.
ஜாடி உடைந்தது. ஓடு மண்ணுக்குள் போனது.
தோண்டியவர்கள் எடுத்து எண் போட்டுக் கொண்டுபோனார்கள்.
குழியை மூடிவிட்டார்கள்.
இப்போது சீமைக்கருவேலம், மூன்று ஆடு,
எதிர்ச்சுவரில் யாருடைய கல்யாணப் போஸ்டரோ.
வில்வதுரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
"இதுக்கு டீசல் வேஸ்ட்டுக்கா" என்றார்.

இருக்கலாம்.
ஆனால் யாரோ இங்கே குடித்திருக்கிறார்கள்.
யாரோ ஒரு சொட்டும் குடிக்காமல்
கரையில் நின்று கணக்கு மட்டும் எழுதியிருக்க வேண்டும்:
வந்தது இத்தனை, உடைந்தது இத்தனை,
கசிந்ததை மணல் குடித்தது.
அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ராத்திரி அனுப்பிவைத்தேன்.
பத்து நிமிஷத்தில் ருக்மாங்கதன் சார்:
"எல்லாம் பிரமாதம்.
மூன்றரைக்கு இருபது நிமிஷம் என்று போட்டிருக்கிறீர்கள்,
பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று எழுதவில்லையே?"

தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன்:
தொப்பி கொண்டுவரவும்.
இந்த இருபது நிமிஷத்துக்குக் கட்டணம் இல்லை.