ஆசிரியை அ

கடைசியில் வந்துவிட்டது கடிதம்.
வலயப் பணிமனை முத்திரை
பாதி விழுந்து, பாதி விழாமல்.
பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெற்றமையால்
சம்பளம் திருத்தப்படுகிறது என்று
என் பெயரில் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டு எழுதியிருந்தார்கள்.

பதினாலு மாத நிலுவை.
கழிவுகள்: இடர்கடன், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம்,
என்னவென்று விளங்காத இன்னொன்று.
இனி மாதாமாதம் கையில் கூடுவது
மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
"ஸ்கூட்டிக்கு ரயர் மாத்தலாம், ரீச்சர்" என்றான்
கோப்புப் பார்க்கும் பிரதீபன்,
தன் கையால் எடுத்துத் தந்தவன் மாதிரி.

இரண்டு வருடத்துச் சனியும் ஞாயிறும்.
ஐந்தே முக்கால் காரைநகர் பஸ்ஸில்
மடிமேல் கற்றல் கொள்கைகள்.
பொன்னாலைப் பாலத்தின் இருபுறமும்
அந்த மாசி முழுக்கப் பூநாரை நின்றதாம்.
ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.
மகள் பெரியபிள்ளையான காலையில்
நான் பிறவுண் வீதியில்,
போனை அணைத்து வைத்துவிட்டு,
கணிப்பீட்டு முறைகள் ஏழையும்
வரிசையாய் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆய்வு ஒன்று கேட்டார்கள்.
வகுப்பறையில் ஒரு பிரச்சினை, அதற்கொரு உத்தி,
எண்ணாயிரம் சொல்லுக்குக் குறையாமல்.
பிரச்சினை என்னிடம் இருந்தது:
தரம் ஏழு பி, பின்னம்.
உத்தி
பலகைத் தட்டிக்கு மறுபக்கம் இருந்தது.

தயாபரி மிஸ்.
தொண்டராசிரியையாய்ப் பதினொரு வருடம்,
நிரந்தரமாகிப் பதின்மூன்று.
டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும்.
பட்டம் எடுக்கிற வயதில்
எந்த ஊரில், எந்தக் கொட்டிலில் இருந்தா என்று
நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

பழைய பஸ் ரிக்கற்றுகள்தான் அவவின் சாமான்.
கிழித்து, கிழித்ததை இன்னொருமுறை கிழித்து,
"இப்ப ஆரிட்டைக் கூடக் கிடக்கு?
துண்டு கூடினவனிட்டையோ? மெய்யே?"
கொஞ்ச நேரம் சத்தமிராது.
பிறகு ஒரு சிரிப்பு எழும்பித் தட்டிக்கு மேலால் வரும்.
என் பெடியள் கழுத்தை நீட்டுவார்கள்.
நானும்,
இடாப்பைப் புரட்டுகிற பாவனையில்,
சோக்கை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

அதைத்தான் எழுதினேன்.
ரிக்கற்று, குறைந்த செலவிலான கற்பித்தல் துணைச்சாதனம்.
சிரிப்பு, நேர்மறையான வகுப்பறைச் சூழல்.
தயாபரி,
ஆய்வு ஒழுக்க விதிப்படி பெயர் மறைக்கப்பட்டு,
ஆசிரியை அ.
பிற்சேர்க்கையில் அவவைத் தள்ளிவிட்டு
உத்தியை நடுவில் வைத்தேன்.
மேற்பார்வையாளர் பச்சை மையால் ஓரத்தில்:
உமது சொந்த உத்தியா? மிக நன்று.
நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

நிலுவை விழுந்த அன்று
ஆசிரியர் அறைக்கு ரோல்ஸ் வாங்கிப்போனேன்.
அதிபர் இரண்டு எடுத்தார்.
இடைவேளை முடிகிற நேரம்
ஆய்வுப் பிரதியைத் தயாபரியின் முன்னால் வைத்தேன்,
முப்பத்தொன்பதாம் பக்கம் மடித்து.

கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தா.
விரலில் இருந்த எண்ணெய்
என் அட்டவணையில் ஒரு வட்டம் போட்டது.
கோபம் வரும் என்று பார்த்திருந்தேன்.
வந்தால் நல்லது என்றும் இருந்தது.

"எட்டாக் கிழிச்சது எண்டு போட்டிருக்கிறீர்.
எட்டில்லையப்பா, ஆறு.
எட்டெண்டா மடிச்சு மடிச்சுக் கிழிக்கலாம்,
பெடியள் ஒண்டும் யோசியாயினம்.
ஆறுக்கு எங்கையோ மூண்டா மடிக்க வேணுமெல்லே,
அங்கைதான் முழிப்பினம்.
அந்த முழிதான் பாடம்."

பிறகு, பிரதியைத் திருப்பித் தந்துகொண்டு,
"எவ்வளவு கூட்டினவங்கள்?"
சொன்னேன்.
"ம். ரோல்ஸ் நல்லாயிருந்தது."

மணி அடித்தது.
தட்டிக்கு அப்பால் ரிக்கற்றுக் கிழிபடுகிற சத்தம்.
தரம் ஏழு பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்க
சம்பளத் துண்டை எடுத்து
மூன்றாக மடித்துப் பார்த்தேன்.
ஒரு பக்கம் பெரிதாய் வந்தது.
விரித்து, மறுபடி மடித்தேன்.
அப்போதும்.