ஏழாம் குறி

விடுவிப்புத் தாளின் கடைசிக் கட்டத்தில்
ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது.
ஏழு.
பெயர், படைப்பிரிவு, ரத்த வகை,
இடது முட்டிக்குக் கீழே இருக்கும் தழும்பு
எல்லாவற்றுக்கும் வரி வரியாக இடம் விட்டவர்கள்
இதற்கு ஒரே ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஆள்சேர்ப்பு மையத்து சார்ஜன்
என் உயரத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்,
ஏழைப் பார்த்தார்.
நான் கொடுத்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தார்.
இது இருக்கும்வரை எடுக்கமாட்டார்கள்.
மேல்முறையீடு செய்.

நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்கிறது பாரம்.
நடந்தது ஒரே வரிதான்.
காவலில் தூங்கிவிட்டேன்.
விடிகாலை மூன்று நாற்பது, வெடிமருந்துக் கிடங்கு, மழை.
தொடர்ந்து மூன்றாவது இரவு என்று எழுதினேன்,
அடித்தேன்.
காய்ச்சல் என்று எழுதினேன்.
காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. அதையும் அடித்தேன்.
துப்பாக்கி என் மடியில் பிள்ளைபோலக் கிடந்தது,
அது உண்மை.
அதை எழுத இடமில்லை.

இப்போது நான் மொண்ட் கியாராவில்
முப்பத்தெட்டு மாடிக்குக் காவல்.
சிரிக்கலாம். தில் பகதூர் சிரித்தான்.
தூங்கியதற்காக அனுப்பப்பட்டவனைத்
தூங்காமலிருக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.
மணிக்கொரு தடவை பதினோரு இடங்களில்
சுவரில் பதித்த இரும்புப் பொட்டில்
கைக்கருவியைத் தொடவேண்டும்.
குப்பை அறை, நீச்சல் குளம், தண்ணீர்த் தொட்டி...
தொட்டால் கீச்சென்று ஒரு சத்தம்.
நான் விழித்திருந்ததற்கு அதுதான் சாட்சி.

அறுநூற்றுப் பதினாறு இரவுகள்.
மேலாளர் திருவாட்டி சியூவிடம் கெஞ்சி
அத்தனையையும் அச்சடித்து வாங்கினேன்,
இரவுக்கு ஒரு தாள்.
ஒரு ரீமுக்கு மேலேயே வந்தது.
மை தீர்ந்ததற்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் காவல் கூண்டில்
பாரத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிப் பார்த்தேன், ஏழு.
முதல் எழுத்தின் அடியில் நீண்ட கோட்டை
விரலால் மறைத்தால்
எழு.
அன்று கோப்ரல் என் பூட்ஸை உதைத்துக் கத்தியதும் அதுதான்,
மலாயில். பாங்குன்.
ஒரு கோடு போனால் போதும்.
ஆனால் பாரம் தமிழ் படிக்காது,
துஜோவில் மறைக்க ஒன்றுமில்லை.
பின்பக்கம் கிறுக்கியதற்காக
புதுப் பாரம் வாங்க இன்னொரு நாள் விடுப்பு.

ஜாலான் பாடாங் தெம்பாக், மூன்றாம் முகப்பு.
புவான் ரொஸ்னானி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:
அருள்நேசன், அனாக் லெலாகி, சவரிமுத்து.
என்னோடு அப்பாவும் வரிசையில் நின்றார்.

பாரத்தை எடுத்துக்கொண்டார். தாள்கட்டு?
நான் தூங்கவில்லை என்பதற்கு, என்றேன்.
ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றை.
02:00 குப்பை அறை.
02:04 நீச்சல் குளம்.
பின்னால் ஒரு நாற்காலி பொறுமையிழந்து கிறீச்சிட்டது.
ஓரிடத்தில் விரல் வைத்து, இங்கே ஏன் தாமதம் என்றார்.
மின்தூக்கி பழுது, புவான். படியேறினேன்.
தலையாட்டினார்.
தாள்களை மேசையில் தட்டி விளிம்பு சேர்த்து
என் பக்கம் தள்ளினார்.
இது பட்டியலில் இல்லை, டிக்.
மூன்று மாதம் ஆகும். கடிதம் வரும்.

டத்தோ கெராமாட்டில் ரயில் ஏறினேன்,
கட்டு மடியில்.
இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வந்தவன்.
வங்சா மாஜூவில் இறங்கவேண்டும்.
ஜெலாத்தெக் நினைவிருக்கிறது.
செத்தியாவங்சா, பாதி.

கோம்பாக்.
கடைசி நிலையம், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது.
துடைப்பக்காரர் தோளைத் தொட்டார்.
பாங்குன், பாங்.
மெதுவாகத்தான் சொன்னார்.

பதினொன்று இருபது.
யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.