முட்டை வண்டி

டிசம்பர் கடைசி. அடிவாரம் செக்போஸ்ட், மணி நாலே கால்.
பின்னால் நூற்றிருபது அட்டை முட்டை.
பேஸை ஏத்தாதே என்கிறான் லோடு சடையப்பன்,
உடைஞ்சா என் கூலியிலயும் பிடிப்பாங்க.

ஆகவே இந்த வருஷத்து ராப் ஆல்பம் எல்லாம்
நான் சன்னமாகத்தான் கேட்டேன்.
நல்லதாய்ப் போயிற்று.
கத்துகிறவன் யார், சொல்லுகிறவன் யார்
என்பது குறைந்த சவுண்டில் தெரிந்துவிடும்.

‘மூணாவது ஷிப்ட்’ ஆறாம் வளைவுவரை தாங்கியது.
செயின், கார், எதிரி, மறுபடி செயின்.
‘ராணி 636’ பரவாயில்லை, பரவாயில்லை என்ன, பிரமாதம்:
மூச்சு வாங்காமல் பதினாறு வரி,
எதுகை ஒவ்வொன்றும்
நான் கியர் மாற்றும் இடத்தில் விழும்.
சடையப்பன் தலையாட்டினான்.
குளிருது, என்றான்.

முதலிடம் ஒரு தாதகாப்பட்டிப் பையனுக்கு.
ஏழே பாட்டு, போனில் பதிந்தது.
நாலாவதில் பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விடும்;
மூன்றாவதுக்குக் காத்திருந்து
அதில் ஏறிக்கொள்வான் தாளத்துக்கு.
வட்டிக்காரன் வந்து நிற்பதை
வட்டி என்ற சொல்லே இல்லாமல் சொல்வான்:
“கதவுக்குக் கீழ செருப்பு மட்டும் தெரியுது.”

பதினேழாம் வளைவில் சிக்னல் போனது.
பாட்டு பாதியில்.
பனிக்குள் வைப்பர் மட்டும் டக், டக்.
அடுத்த வரியை
சடையப்பன் எடுத்தான்,
ஒரு சொல் தவறாமல்.

பத்தொன்பதில் பாட்டு திரும்பி வந்தபோது
சவுண்டை ஏற்றிய கை
என்னுடையது அல்ல.

ஒண்டிக்கடையில் இறக்கி எண்ணினோம். மூன்று விரிசல்.
பள்ளம்ங்க, என்றான் கடைக்காரரிடம்,
முகம் மாறாமல்.