ஒன்பதாம் நாள்

விதைப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருக்கிறது:
கடைசி உறைபனி கழிந்த இரண்டாம் வாரம் விதைக்கவும்.
இயோ சூ காங்கில், மூலைத் தரைவீட்டு வாசலில்,
பதினோரு வருடமாக நான்
அந்த இரண்டாம் வாரத்துக்குக் காத்திருக்கிறேன்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் ஜூன்.
மூடினாலும் ஜூன்.
சட்டை காயாத டிசம்பர் ஒன்று உண்டு.
பிப்ரவரியில் புல்தரை பிஸ்கட்டாய் நொறுங்கும்.
சில வருடம் செப்டம்பரில்
கடல் தாண்டி வந்த புகை இலைமேல் உட்காரும்.
மற்றபடி ஒரே பச்சை,
வெட்ட வெட்ட வட்டி போடும் பச்சை.

துறைமுகத்தில் முப்பது வருடம் கொள்கலன் எண்ணியவன்.
எண்ணாமல் இருக்கத் தெரியாது.
ஐஸ் பெட்டிக் கதவில் நானே ஒரு பஞ்சாங்கம் ஒட்டினேன்:
தையில் வடிகால் மூடியைத் தூக்கி மண் அள்ளு.
மாசியில் விடியலில் மட்டும் தண்ணீர்.
சித்திரைக்குள் எலுமிச்சைக்குக் கவாத்து.
ஐப்பசி பிறக்குமுன்
கூரைமேல் சாயும் கிளை ஒன்றும் இருக்கக் கூடாது.
எல்லா ஞாயிறும், மறக்காமல்,
தொட்டித் தட்டுகளைக் கவிழ்.
(கொசு அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தபோது
புரோமிலியாட் இலைக்கக்கத்தில் ஒரு கரண்டி நீர் இருந்தது.
அந்தக் கரண்டிக்கு விலை இருநூறு வெள்ளி.)

"நீங்க தோட்டமா போடுறீங்க,
லெட்ஜர்ல எழுதுறீங்க" என்றாள் வசுமதி.

பட்டியலின் கடைசி வரி:
ரம்புத்தான் கவட்டையில் தொற்றிய களை. சுரண்டவும்.
தேய்ந்த துடைப்பத்தை யாரோ
மரத்தில் செருகிவிட்டுப் போனதுபோல் இருந்தது அது.
நட்டது நானில்லை. நீர் விட்டதுமில்லை.

வியாழக்கிழமை மொஃபிசூர் வந்தார்.
ஏணி இரண்டடி குறைந்தது.
"நெக்ஸ்ட் டைம் பெரிய ஏணி, பாஸ்."
அடுத்த முறை என்றால் இரண்டு வாரம்.

திங்கள் மூன்று மணிக்கு
வானம் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியது.
முப்பத்து மூன்றிலிருந்து இருபத்து மூன்றுக்கு
வெப்பமானி படியிறங்கியது.
குறித்துக்கொண்டேன், வழக்கம்போல்.
தட்டுகளைக் கவிழ்த்தேன், வழக்கம்போல்.

பிறகு அந்தப் புதன்.
செருப்பைத் தேடும்போதே ஒரு வாசனை,
வீட்டுக்குள் புதிதாய் யாரோ குளித்துவிட்டு வந்ததுபோல்.
துடைப்பம் பூத்திருந்தது.
குச்சிக்குக் குச்சி வெள்ளை,
பறக்கக் காலெடுத்த புறாக்கள்.
எங்கள் மரத்தில் மட்டுமா?
எதிர்வீட்டுத் திருமதி இங் வாசலில்.
பேருந்து நிறுத்தத்தின் அங்சானா மரங்களில்.
பள்ளிச் சுவருக்கு அப்பால்.
சாலை நெடுக ஒரே காலையில்,
யாரும் யாருக்கும் சொல்லாமல்.

நோட்டைப் புரட்டி விரல் விட்டேன்.
மழையிலிருந்து ஒன்பது.
குளிர்ந்த அந்த அரை மணியை
ஒரு களையும் குறித்து வைத்திருக்கிறது,
பேனா இல்லாமல்,
என்னைவிட ஒழுங்காய்.

இரவுக்குள் எல்லாம் துவண்டு
நனைந்த டிஷ்யூ ஆகிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணி.
பெரிய ஏணி. புது ரம்பம்.
காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
"இதுதானே பாஸ், களை?"
"இது வேண்டாம்."
"ஏன் பாஸ்?"
நேற்று வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று
எப்படிச் சொல்வது?
"கூரை வாய்க்காலைச் சுத்தம் பண்ணுங்கள்" என்றேன்.
என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.
ஏணியை நகர்த்தினார்.

கடைசி வரியை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
மாதம் சொல்ல முடியாது, கிழமை சொல்ல முடியாது.
காலியாகவே கிடக்கிறது.

இப்போதெல்லாம் மழை விட்டுச் சில நாள் கழித்து
தேநீர் ஆற்றிக்கொண்டே வசுமதி கேட்கிறாள்,
"இன்னைக்கு எத்தனாவது நாள்?"
ஆறு, என்கிறேன்,
தட்டைக் கவிழ்த்தபடி.