தலையாட்டி

எல்லாவற்றுக்கும் முன்னே ஏற்றுவது நிறமில்லாதது.
ஆறு மணித்தியாலம், துளித்துளியாய்.
அடுத்தது திருவிழாச் சர்பத் நிறம்,
மறுநாள் மூத்திரமும் அதே நிறம்.
மூன்றாவது பட்டிப்பூவிலிருந்து வருகிறதாம்.
தெல்லிப்பழை வாட்டு யன்னலுக்கு வெளியே
தண்ணீர்த் தாங்கியின் ஒழுக்கில் அது தானாய் நிற்கிறது,
ஆடும் வாய் வைக்காத செடி.

சிவப்பும் பூவும் ஆளைப் பார்ப்பதில்லை.
இரண்டாய்ப் பிரிய நினைக்கிற எந்தக் கலத்தையும் விடா,
கழலையோ, மயிர்க்காலோ, உதட்டின் உள்தோலோ.
அது எனக்குப் பழக்கம்.
வானத்திலிருந்து விழுந்தவையும் விலாசம் கேட்டதில்லை.

நிறமில்லாததுதான் வேறு.
"அது தானாய்ப் பெரிசாக் கொல்லாது, ஐயா" என்றா டொக்டர் சாரங்கி.
"ஒவ்வொரு கலமாய்த் தொட்டுப் பாத்து
ஆள் இதுதானெண்டு காட்டிக்குடுக்கும்.
பிறகு உங்கட ரத்தத்திலை இருக்கிற கொல்லிக் கலங்கள் வரும்.
பக்கத்திலை ஒட்டி நிண்டு, சுவரிலை ஓட்டை போட்டு..."

"தலையாட்டி" என்றேன்.
அவ விளங்காமல் சிரித்தா.
பிறந்ததே அதுக்குப் பிறகாய் இருக்கும்.

கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
இடுப்பில் சங்கக்கடைத் திறப்புக்கோர்வையோடு நான்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை,
ஓட்டைகளில் எங்களூர்க் கண்.
அது என்னில் நின்றது. எவ்வளவு நேரமென்று தெரியாது.
திறப்புகள் கிலுங்காமல் பொத்திப் பிடித்திருந்தேன்.
பிறகு, எனக்குப் பின்னால் நின்ற சீவரத்தினத்துக்கு
ஆடியது.
சைக்கிள் ரியூப் ஒட்டுகிறவன்.
விரலில் சொலூசன்கூடக் காயவில்லை.

இப்போது அந்தச் சாக்கு எனக்குள்ளே இறங்குகிறது.
நானே கையெழுத்து வைத்துக் கூப்பிட்டது.
குளிர் நடுக்கம் பிடிக்க,
மிஸ்ஸி ஓடிவந்து துளியைக் குறைத்துவிட்டுப் போனா.

"பிழையாய் ஆட்டாதோ?"
டொக்டர் பொய் சொல்லவில்லை.
"அதே அடையாளம் நல்ல கலங்களிலையும் இருக்கு.
அதுகளும் போகும்.
ஆனா திரும்பி வரும், ஐயா.
ஒரு வருசம், அவ்வளவுதான்."

திரும்பி வரும்.
சீவரத்தினத்தின் மனுசி இந்தச் சொல்லுக்காக
எத்தனை கந்தோர் வாசலில் வரிசையில் நின்றிருப்பா.
ஒருவரும் அவவுக்குக் கணக்குச் சொல்லவில்லை,
ஒரு வருசமென்றோ, அவ்வளவுதானென்றோ.

ஊசி குத்தாத கை
போர்வைக்குள் இடுப்பைத் தேடிப்போகிறது,
இல்லாத திறப்புகள் கிலுங்கிவிடாதிருக்க.