வேதனை உண்டோ

சாரல் உள்ளே வந்தால் படம் கெட்டுவிடும்.
லாரி சங்கத்து அறையில்
கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குப் போர்வை கட்டியாகிவிட்டது.
மின்விசிறி சுவிட்சின் மேல் பிளாஸ்திரி.
ஏசி மட்டும் இருபத்து மூன்றில்,
மதியம் மூன்று வரை வாடகைக்கு.

பெருந்தொற்றின்போது இதே கேமரா
புளியரை செக்போஸ்ட்டில்
நெற்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.
காய்ச்சல் இல்லாதவன் கொல்லம் போகலாம்.
இப்போது முக்காலியை முழங்கால் உயரத்துக்கு இறக்கி
பாதங்களைப் பார்க்க வைத்திருக்கிறேன்.
அதற்கு இரண்டும் ஒன்றுதான்:
சூடு எங்கே, எவ்வளவு.
பெயர் கேட்காது.

பெயர் நான் கேட்பேன்.
மைதீன் பிச்சை. ஐம்பத்து நான்கு.
வைக்கோல் லோடு, செங்கோட்டை டு புனலூர்.
சர்க்கரை பதினோரு வருஷம்.
கூட வந்த மனைவி சொன்னார்:
"தென்மலையில டீ குடிக்க இறங்கினவரு
ஒத்தச் செருப்போட வண்டியேறி
வீடு வரைக்கும் ஓட்டியிருக்காரு.
நான் கேட்டப்புறம்தான் குனிஞ்சே பாக்காரு."

டாக்டர் ஷைலஜா குருப்பு புனலூர்க்காரர்.
"வேதனை உண்டோ?" என்றார்.
"இல்லாம இருக்குமா டாக்டர்?
மூத்தவ நகை இன்னும் பேங்க்ல கிடக்கு,
வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு போச்சு..."
டாக்டர் 'உண்டு' என்று டிக் அடித்தார்.
நான் குறுக்கே போனேன்,
அது மனசு மேடம், கால் இல்லை.
'வலி' என்றாலோ டாக்டரின் ஊரில் இழுப்பது.
கணவாய் ஏறும்போது
இந்த இரண்டு சொல்லும் சரக்கை மாற்றிவிடுகின்றன,
எந்தச் செக்போஸ்ட்டிலும் பிடிபடாமல்.

"வலியா? சுத்தமா இல்லை" என்றார்,
நல்ல சேதி சொல்பவர் குரலில்.

பதினைந்து நிமிஷம் கால் தரையில் படாமல் நீட்டியிருந்தார்.
முதல் படம்.
பிறகு பாலித்தீன் உறை மாட்டி
வாளிக் குளிர்தண்ணீரில் ஒரு நிமிஷம்.
குளிர்ந்த கால்
தன் சூட்டுக்குத் தானே திரும்பி வர வேண்டும்.
காலையில் என் காலை வைத்துப் பார்த்தேன்,
நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது.
நரம்பு பேசாத காலுக்கு
யாரும் வழி சொல்வதில்லை.

பத்து நிமிஷம்.
குதிகால் ஆரஞ்சு. பெருவிரல்கள் இன்னும் நீலம்.
திரையை எட்டிப் பார்த்தார்:
"இது எந்த ஜில்லாவுக்கு மழை அலர்ட்டும்மா?
கொல்லமா, பத்தனம்திட்டையா?"
டாக்டரும் சிரித்துவிட்டார்.
சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான்
இடது சுண்டுவிரலுக்குக் கீழே அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.
முதல் படத்திலும் இருந்திருக்கிறது.
வலது காலில் அதே இடத்தைவிட மூன்று டிகிரி கூட.

தொட்டுப் பாருங்கள் என்றேன்.
மலையிறங்கியதும் டயரைத் தொடுவதுபோல்
புறங்கையை வைத்தார்.
வலது. இடது. மறுபடி வலது.
"ஆமா, சூடாத்தான் இருக்கு.
கை சொல்லுது."

டாக்டர் விளக்கைப் பிடித்துக் குனிந்தார்.
காய்ப்புக்கு அடியில் கட்டுக்கம்பித் துணுக்கு,
ஒரு அரிசி நீளம்.
எடுக்கும்போது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
இவர்
யார் வண்டிக்கோ பஞ்சர் ஒட்டுவதைப்போல
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் காலாச்சே"
என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

என் படிவத்தில் 'வலி' என்று ஒரு கட்டம்.
இத்தனை நாளும் 'இல்லை' என்று எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கோட்டைவாசல் வளைவில்
ஏதோ ஒரு லாரி கியர் மாற்றி உறுமுகிறது.
அடுத்தவர் வந்துவிட்டார்.
செருப்பை வாசலிலேயே விடச் சொல்கிறேன்.
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
காலால் உதறிவிடுகிறாரா
குனிந்து கையால் கழற்றுகிறாரா என்று.