பிடிக்கு ஒரு கட்டை

கத்திக்கு இரும்பு கிடைப்பது எளிது.
லாரிப் பட்டை, பேரிங் வளையம், பழைய ரம்பத்தின் முதுகு,
கணபதியில் எந்தப் பட்டறைக் குப்பையைக் கிளறினாலும் வரும்.
தட்டினால் தன் குணத்தைச் சத்தமாகவே சொல்லிவிடும்.

கட்டைதான் பேசாது.
பங்குனி வெயிலுக்கு வேம்பு வாய் பிளந்தது.
புளியங்கட்டைக்குள் புழு
எனக்கு முன்பே பட்டறை போட்டிருந்தது.
பனை கறுப்பு ஊசிகளாய் நின்று அழகு காட்டும்,
உப்புத்தாள் வைத்தால் விரலில் ஏறும்.
அரளிக் கட்டையோடு வந்த கல்யாணச் சமையல்காரரை
வாசலோடு திருப்பினேன்:
"பந்தியில ஆள் கொறையோணுமுங்களா?"
சந்தனம் என்று ஒருவர் காதோடு சொன்னார்.
எனக்குக் காது மந்தம் என்றேன்.

போன மார்கழியில் அவினாசி ரோட்டு ஓட்டல்காரர்
செல்போனில் ஒரு படம் காட்டினார்.
செம்மண்ணில் தேன் குழைத்தது போல் ஒரு மரம்.
பேர் மெஸ்கீட்டாம். அமெரிக்காவிலிருந்து வரவேண்டுமாம்.
விரல்நீளத் துண்டு இரண்டாயிரமாம்.
நான் எதுவும் சொல்லவில்லை.
பட்டறைக்குப் பின்னால், சாக்கடை ஓரம்,
டீக்கடை அடுப்புக்கு வெட்டிக் குவித்திருந்த
வேலிக்காத்தானில் ஒன்றை உருவி
அறுத்து இழைத்து எண்ணெய் தடவி நீட்டினேன்.
"இதே, இதே! எப்படிங்க
இத்தனை சீக்கிரம் வந்துச்சு?"
"பங்காளி ஊட்டுலிருந்து நடந்தே வந்துச்சுங்க."

குமுதவல்லி வந்தது சித்திரையில்.
திருப்பூர்ச் சாயக் கம்பெனி லேபில் வேலை.
துணித் துண்டை விளக்குப் பெட்டிக்குள் வைத்து
பையர் கேட்ட நிறம்தானா என்று பார்ப்பது.
பதினோரு வருஷமாக அதையே பார்க்கிறாள்.
ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில்
சாக்கில் சுற்றிய அடிமரம், அதுவும் வேலிக்காத்தான்.

"நொய்யல் கரையில வெட்டினதுங்க.
எங்க தண்ணி விழுந்த எடம்.
திங்கக்கெழமை செவப்பு, செவ்வாய் நேவி,
கிறிஸ்துமஸ் ஆர்டர்னா ரெண்டு மாசம் பச்சை.
அத்தனையும் குடிச்சு வளந்த மரம்.
உள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்.
பாத்துப்போட்டுப் பிடி போடுங்க."

எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன்.
வளையத்துக்கொரு நிறமாய்
தேர்நோம்பி வாணம் போல் விரியுமென்று
ரம்பத்துக்குப் புது பிளேடு மாட்டினேன்.

அறுத்தேன்.
முள்மரம்.
எல்லா முள்மரத்தையும் போல ஒரு முள்மரம்.
ஓரம் மஞ்சள், நடு பழுப்பு, ஒரு முடிச்சு.
நேவி இல்லை. கிறிஸ்துமஸும் இல்லை.
தூள்கூட வெறும் டீத்தூள் நிறம்.

அலமாரியில் ரெசின் இருந்தது, நீலப் பொடி இருந்தது.
காற்றை உறிஞ்சும் குக்கருக்குள் வைத்தால்
இருபது வருஷம் குடிக்காததை
ஒரே ராத்திரியில் குடிக்க வைக்கலாம்.
சொல்லியும் பார்த்தேன்.

அவள் காதில் வாங்கவில்லை.
பலகையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் திருப்பினாள்,
பிறகு ட்யூப்லைட்டடியில்,
பிறகு செல்போன் டார்ச்சில்.
ஒரு நிறத்துக்கு மூன்று வெளிச்சம், அவர்கள் வழக்கம்.

"ஓரத்துல இருக்கறது மஞ்சள் இல்லீங்க,
ஆறிப்போன வரகரிசிச் சோறு.
அடுத்தது கருப்பட்டிப் பாகு,
கம்பிப் பதம் வர்றதுக்கு முந்தி.
இந்த நடுவுல..."
நின்றாள்.
முடிச்சை நகத்தால் தொட்டாள்.
"இதுக்கு எங்ககிட்ட நம்பர் இல்லீங்க.
ஒண்ணும் போட்டுடாதீங்க. எண்ணெய் போதும்."

பேரிங் இரும்பு, நாலங்குலம், இரண்டு பித்தளை ஆணி.
முடிச்சு கட்டைவிரல் படியும் இடத்தில்.
கொடுக்கும்போது கேட்டேன்,
"இதுல என்னத்த வெட்டப் போறீங்க?"
"சக்கரவள்ளிக் கெழங்குங்க."

மீதித் துண்டு அலமாரியில் கிடக்கிறது.
ஓட்டல்காரர் இன்னொரு கத்தி கேட்கிறார்.
இதைக் காட்டமாட்டேன்.
அவருக்குச் சாக்கடை ஓரத்து அமெரிக்காவே போதும்.